பேச்சுக்கு நடுவே பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி: உண்மைக்கும் கோடு ஏறுகிறது, பொய்க்கும் ஏறுகிறது

கொழிஞ்சாம்பாறை டீச்சர் (கேள்வி)

வணக்கம். சப் ஜில்லா சாஸ்திரோத்சவத்துக்கு (கேரளப் பள்ளி அறிவியல் விழா) ஹைஸ்கூல் வொர்க்கிங் மாடல் பிரிவில், தமிழ் மீடியம் பிள்ளைகள் இரண்டு பேர் பொய் காட்டும் கருவி செய்கிறார்கள். ஊசி, மருந்து எதுவும் இல்லாமல், விரலில் மாட்டும் சென்சார் மட்டும். பதற்றத்தில் விரல் வியர்த்தால் தோல் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும், அதை அளப்பதுதான் யோசனை. எதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேச வேண்டும், பொய் சொன்னால் சிவப்பு லெட் எரிய வேண்டும் என்பது அவர்கள் திட்டம்.

இப்போது இருப்பது: ஈஎஸ்பி32 போர்டு (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன சர்க்யூட் போர்டு). வெல்க்ரோ பட்டையில் அலுமினியம் ஃபாயில் ஒட்டி ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மாட்டியிருக்கிறோம். 3.3 வோல்ட்டிலிருந்து 100 கிலோஓம் ரெசிஸ்டர், அதற்குக் கீழே விரல், நடுவிலிருந்து நேராக போர்டின் அனலாக் பின்னுக்கு. நாடிக்கு மேக்ஸ்30102 மாட்யூல்.

கோளாறுகள் மூன்று. கேட்காமல் சும்மா இருந்தாலும் லேப்டாப் திரையில் வரும் கோடு மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது. லேப்டாப் சார்ஜரில் இருந்தால் கோடு முள்வேலி மாதிரி ஆகிவிடுகிறது. பெரிய கோளாறு மூன்றாவது: "உன் பேர் என்ன?" என்றாலும் எழுகிறது, பொய் சொல்லச் சொன்னாலும் எழுகிறது. எந்த அளவைத் தாண்டினால் லெட் எரிய வைப்பது?

வாளையார் சால்டர்

டீச்சர், மூன்றாவது கோளாறு சர்க்யூட்டில் இல்லை, அதை வேறு யாராவது சொல்வார்கள். முதல் இரண்டுக்கு நான்.

ஃபாயிலைத் தூக்கிப் போடுங்கள். வியர்வை உப்புநீர். அதில் அலுமினியத்தை வைத்து ஒரே திசையில் மின்சாரம் விட்டால் உலோகத்தின் மேல் எதிர்மின்னழுத்தம் கூடிக்கொண்டே போகும், அதுதான் உங்கள் நகரும் கோடு. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஈசிஜி ஒட்டுப்பட்டை வாங்குங்கள், வெள்ளி-வெள்ளிகுளோரைடு, ஸ்னாப் பட்டன் வைத்தது. விரலுக்கு அது பெரிது. அதனால் உள்ளங்கையில் ஒட்டுங்கள்: ஒன்று கட்டைவிரல் அடி மேட்டில், இன்னொன்று சுண்டுவிரல் பக்க மேட்டில். இரண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்ட இடங்கள்தான். எழுதாத கையாக இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். ஸ்பிரிட், சோப்பு வேண்டாம், தோல் வறண்டு அளவு விழுந்துவிடும். ஒட்டியபின் 5 முதல் 10 நிமிடம் சும்மா உட்கார வையுங்கள், ஜெல் தோலில் ஊறும்வரை அடிநிலை (சும்மா இருக்கும்போது வரும் அளவு) ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஈசிஜி ஜெல்லில் உப்பு அதிகம் என்பதால் எண் கொஞ்சம் கூடுதலாக வரும். எல்லோருக்கும் ஒரே பிராண்டு போட்டால் ஒப்பிடுவதில் தொல்லை இல்லை.

அடுத்து டிவைடர், அதாவது 100 கிலோஓமும் விரலும் வோல்ட்டைப் பங்குபோடும் அந்த அமைப்பு. வியர்வை கூடக்கூட விரலின் மேல் விழும் வோல்ட் குறைகிறது, அதனால் அதே அளவு கூடுதல் வியர்வைக்கு ஈரக் கையில் ஒரு எண், உலர்ந்த கையில் வேறு எண். தோலுக்கு எப்போதும் 0.5 வோல்ட் மட்டும் கிடைக்கும்படி செய்யுங்கள். எம்சிபி6002 ஆப்-ஆம்ப் (சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் சிப்) ஒன்று போதும்:

3.3 வோல்ட்டிலிருந்து 56 கே (கிலோஓம்), அதற்குக் கீழே 10 கே, கிரவுண்டு. நடுவில் சரியாக 0.5 வோல்ட் வரும். அதை ஆப்-ஆம்பின் பிளஸ் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். மைனஸ் உள்ளீட்டிலிருந்து 10 கே வழியாக ஒரு ஒட்டுப்பட்டை, மற்ற ஒட்டுப்பட்டை கிரவுண்டுக்கு. வெளியீட்டிலிருந்து மைனஸுக்கு 100 கே, அதன் மேலேயே 1 மைக்ரோஃபாரட் செராமிக். அந்த கெப்பாசிட்டர் 1.6 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதை அமுக்கிவிடும். வீட்டு கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அங்கேயே செத்துப்போகும். வியர்வை எழுச்சி மெதுவானது, அதற்கு ஒன்றும் ஆகாது.

எல்எம்358 ஆப்-ஆம்ப் கையில் இருக்கிறதே என்று போடாதீர்கள். 3.3 வோல்ட் கொடுத்தால் அதன் வெளியீடு 2 வோல்ட்டைத் தொடும் முன்பே முட்டி நின்றுவிடும்.

ஆள் மேல் மாட்டும் முன் ஒட்டுப்பட்டை இடத்தில் ரெசிஸ்டர் வைத்துச் சரிபாருங்கள். 1 மெகாஓம் என்றால் வெளியீடு 0.55 வோல்ட், 100 கே என்றால் 0.95, 47 கே என்றால் 1.38. இது வராவிட்டால் கை மேல் வைத்துப் பயனில்லை. கணக்குப் போடும்போது ஒட்டுப்பட்டையோடு வரிசையில் இருக்கும் அந்த 10 கே-யைக் கழிக்க மறக்கக் கூடாது.

ஈஎஸ்பி32-இன் சொந்த அனலாக் பின் இதற்குப் போதாது. நீங்கள் தேடும் எழுச்சி 0.05 மைக்ரோசீமென்ஸிலிருந்து (தோல் மின்சாரத்தைக் கடத்தும் அளவு) தொடங்குகிறது, அது வெளியீட்டில் 2 மில்லிவோல்ட் சுமார். போர்டு பிரித்தறியும் ஒரு படி 0.8 மில்லிவோல்ட், கூடவே அதன் சொந்த நடுக்கம். ஏடிஎஸ்1115 மாட்யூல் (வோல்ட்டைத் துல்லியமாக எண்ணாக்குவது) வைத்து வீச்சை 2.048 வோல்ட்டில் அமைத்தால் ஒரு படி 62.5 மைக்ரோவோல்ட், அதே எழுச்சிக்கு 30 படிக்கு மேல் கிடைக்கும். நொடிக்கு 20 அளவு எடுத்தால் தாராளம்.

லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது ஆளின் கையில் எலக்ட்ரோடு இருக்கவே கூடாது. முள்வேலிக் கோடு ஒரு காரணம், பாதுகாப்பு அதைவிடப் பெரிய காரணம். போர்டுக்கு பவர்பேங்க், டேட்டாவை வைஃபையில் அனுப்புங்கள்.

தோல்மின்

சர்க்யூட் விஷயத்தில் மேலே சொன்னதற்கு நான் சேர்க்க ஒன்றுமில்லை. லெட் விஷயத்துக்கு வருகிறேன். எந்த அளவைத் தாண்டினால் பொய் என்ற கேள்விக்கு விடை கிடையாது. பொய்க்கென்று உடம்பில் தனி அடையாளம் ஒன்றும் இல்லை. உள்ளங்கை வியர்வைச் சுரப்பிகளைப் பரிவு நரம்பு மண்டலம் இயக்குகிறது. பயம், வெட்கம், ஆச்சரியம், மனக்கணக்கு, இருமல், ஆழ்ந்த மூச்சு எல்லாவற்றுக்கும் அதே சுரப்பி, அதே எழுச்சி. "உன் பேர் என்ன?" என்றதும் பிள்ளை வாயைத் திறந்து மூச்சை இழுத்துப் பேசுகிறாள், அதுவே போதும் கோடு எழ. சரளமாகப் பேசும்போது எழுச்சிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எது எந்தச் சொல்லுக்கு என்று பிரிக்கவே முடியாது.

அளவுகளை ஒருமுறை பாருங்கள், ஏன் என்று புரியும். கேள்வி காதில் விழுந்து 1 முதல் 3 நொடி கழித்துத்தான் எழுச்சி தொடங்கும். உச்சிக்குப் போக இன்னும் 1 முதல் 3 நொடி. பாதி இறங்க 2 முதல் 10 நொடி. சாதாரணப் பேச்சில் அதற்குள் மூன்று கேள்வி போயிருக்கும்.

அதனால் கேள்வி கேட்கும் முறையை மாற்றுங்கள். அமெரிக்க உளவியலாளர் டேவிட் லிக்கன் 1959-இல் வெளியிட்ட முறை ஒன்று இருக்கிறது. பொய்யா என்று கேட்பதில்லை, இது உனக்குத் தெரியுமா என்பதை மட்டும் பார்க்கிறது. ஜப்பான் போலீஸ் இன்றும் பெரும்பாலும் இந்த வகையைத்தான் பயன்படுத்துகிறது. பள்ளி மாடலுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

செய்முறை: ஒரு பிள்ளை பக்கத்து அறைக்குப் போய், ஒரு டப்பாவிலிருந்து ஒரு பொருளை எடுத்து ஒளித்துவிட்டு வரட்டும். என்ன பொருள், டப்பா என்ன நிறம், எங்கே ஒளித்தாள், பொருளோடு இருந்த சீட்டில் என்ன எண், இந்த நான்கும் அவளுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் ஆறு தேர்வுகள், முதலாவது எப்போதும் ஒப்புக்கு வைத்த தவறான தேர்வு, அதை மதிப்பெண்ணில் சேர்க்கக் கூடாது. ஏனென்றால் புதிதாக எது வந்தாலும் முதலாவதற்கு உடம்பு துள்ளும். மீதி ஐந்தில் சரியானது எந்த இடத்தில் வரும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்.

தேர்வுகளுக்கு இடையே 20 முதல் 25 நொடி. பிள்ளைகளுக்கு அது யுகமாகத் தெரியும், அவசரப்படுத்துவார்கள், விடாதீர்கள். கேட்பவருக்குச் சரியான விடை தெரியக் கூடாது, தெரிந்தால் அந்த இடத்தில் குரல் தானாக மாறும்.

நம் மொழிக்கென்று ஒரு சிக்கல் இதில் உண்டு. "நீ கத்தரிக்கோலை எடுத்தாயா?" என்றால் முக்கியமான சொல் நடுவில் போய், வினை கடைசியில் வருகிறது. எழுச்சி எதற்கு என்று நேரம் குறிப்பது குழம்பும். "எடுத்தது... கத்தரிக்கோலா?" என்று திருப்பிவிடுங்கள். அந்தச் சொல் தொடங்கும்போது கேட்பவர் ஒரு பட்டனை அழுத்த, போர்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளும். அந்தக் குறியிலிருந்து 1 முதல் 4 நொடிக்குள் தொடங்கும் எழுச்சியை மட்டும் எடுங்கள். உச்சியிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் அதுதான் அளவு.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிள்ளைகள் பேச்சில் மலையாளம் கலந்தே வரும். தேர்வுகளில் அது கூடாது. ஐந்தில் நான்கு தமிழ், ஒன்று மட்டும் மலையாளச் சொல் என்றால், குற்றமே செய்யாதவளுக்கும் அந்த ஒன்றில் கோடு எழும். அதே மாதிரி பென்சில், ரப்பர், ஸ்கேல், பேனா என்று போய் நடுவில் "பாம்பு" வந்தாலும் எழும். ஐந்தும் ஒரே இனம், ஏறக்குறைய ஒரே நீளம்.

மதிப்பெண்: ஒரு கேள்வியில் சரியான தேர்வுக்கு மற்ற நான்கைவிடப் பெரிய எழுச்சி வந்தால் 2, இரண்டாவது பெரியதாக வந்தால் 1, இல்லையென்றால் 0. நான்கு கேள்விக்கு அதிகபட்சம் 8. ஒன்றும் தெரியாத ஆள் தற்செயலாக 6 அல்லது அதற்கு மேல் வாங்கும் வாய்ப்பு 625-இல் 23, அதாவது 3.7 சதவீதம். 5 போதும் என்று வைத்தால் 625-இல் 63, ஏறக்குறைய 10 சதவீதம். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டு சார்ட்டில் ஒட்டட்டும். ஜட்ஜ் கேட்கும் முதல் கேள்வி இதைச் சுற்றித்தான் இருக்கும்.

ஒரே கேள்வியை நான்கு தடவை கேட்டு அதை நான்காக எண்ணக் கூடாது. 7 என்ற எண் ஒருத்திக்குப் பிறந்த தேதியாக இருந்தால் நான்கு தடவையும் எழும்.

சித்தூர்ப் புழை

இவ்வளவு எதற்கு? குரலை வைத்தே பொய்யைக் கண்டுபிடிக்கும் ஆப் இருக்கிறது, போனில் போட்டால் வேலை முடிந்தது. கண் இமைப்பதை கேமராவில் பார்த்தும் சொல்லலாமே.

தோல்மின்

குரல் நடுக்கத்தை வைத்துப் பொய்யைப் பிரிக்கலாம் என்பதற்குச் சோதனையில் நின்ற ஆதாரம் கிடையாது. அமெரிக்காவின் நேஷனல் ரிசர்ச் கவுன்சில் 2003-இல் பாலிகிராஃப் (பொய் காட்டும் கருவிச் சோதனை) பற்றிக் கொடுத்த அறிக்கை குரல் கருவிகளையும் பார்த்துவிட்டு அப்படித்தான் சொன்னது. பிளே ஸ்டோரில் இருக்கும் பல ஆப்கள் தாமே "விளையாட்டுக்கு மட்டும்" என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.

கேமராவில் நாடி பார்க்க முடியும், அது வேறு விஷயம். முகத் தோலின் நிறத்தில் பச்சை அலைவரிசை ஒவ்வொரு துடிப்புக்கும் துளி மாறுகிறது. ஆனால் ஆட்டோ எக்ஸ்போஷரை நிறுத்தாமல் செய்தால் கேமராவே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து அந்தத் துளியை விழுங்கிவிடும். தலை கொஞ்சம் அசைந்தாலும் போச்சு. பேசும் ஆளின் தலை அசையாமல் இருக்குமா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

ரொம்ப நன்றி. புது சர்க்யூட்டில் ரெசிஸ்டர் சோதனை மூன்றும் சரியாக வந்தது. ஐந்து பிள்ளைகளுக்குச் செய்து பார்த்தோம். மூன்று பேருக்கு 6-க்கு மேல், ஒருத்திக்கு 3. ஒரு பையனுக்குக் கோடு அசையவே இல்லை, எல்லாம் பூஜ்யம். மேக்ஸ்30102 சிலருக்கு 70 காட்டிவிட்டுத் திடீரென 140-க்குத் தாவுகிறது. மூச்சையும் அளக்க வேண்டும் என்று மூக்குக்குக் கீழே 10 கே தெர்மிஸ்டர் வைத்தோம், காலையில் அழகாக ஏறி இறங்கியது, மத்தியானம் ஒன்றுமே இல்லை.

வாளையார் சால்டர்

தெர்மிஸ்டர் கெடவில்லை, மத்தியானம்தான் கெடுத்திருக்கிறது. அது அளப்பது வெளியே போகும் மூச்சின் சூட்டுக்கும் அறைக் காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம். விடும் மூச்சு 34 டிகிரி சுமார். ஷீட் போட்ட வகுப்பறை மத்தியானம் 33, 34-க்குப் போனால் வித்தியாசம் எங்கே இருக்கும்? பாலக்காட்டில் இதை நம்பி மேடை ஏறாதீர்கள். பிஎம்பி280 அழுத்த சென்சாரை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் ஸ்பாஞ்சோடு வைத்து, வயர் வெளியே வரும் இடத்தை க்ளூ கன் போட்டுக் காற்றுப் புகாமல் அடையுங்கள். அதை மேல் வயிற்றில் வைத்து மேலே அகலமான எலாஸ்டிக் பட்டை கட்டினால் ஒவ்வொரு மூச்சுக்கும் அழுத்தம் ஏறி இறங்கும். ஓட்டை இருந்தால் கோடு ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகும், அதிலேயே தெரிந்துவிடும்.

140 விஷயம்: நாடி அலையில் பெரிய முகட்டுக்குப் பிறகு 300, 400 மில்லிசெகண்டில் சின்ன இரண்டாவது முகடு வரும். புரோகிராம் அதையும் ஒரு துடிப்பாக எண்ணுகிறது. ஒரு துடிப்பு கண்டபின் 450 மில்லிசெகண்ட் வேறெதையும் எண்ணாதே என்று வையுங்கள். அப்போது 133-க்கு மேல் எண்ண முடியாது. உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது போதும். ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கட்டினாலும் ரத்தம் நின்று அலை தட்டையாகும். விரல் சென்சார் மேல் சும்மா படிந்திருக்க வேண்டும். ஒட்டுப்பட்டை இருக்கும் கையில் வேண்டாம், மற்ற கையில் மாட்டுங்கள்.

இன்னொன்று, சில மலிவு மேக்ஸ்30102 மாட்யூல்களில் ஐ2சி (சென்சாரும் போர்டும் பேசும் இரண்டு வயர்) புல்-அப் ரெசிஸ்டர்கள் 1.8 வோல்ட்டோடு கட்டப்பட்டிருக்கும். ஏடிஎஸ்1115-ஐயும் அதே வயரில் சேர்த்ததும் சென்சார் காணாமல் போனால் முதலில் அதைப் பாருங்கள்.

தோல்மின்

அசையாத பையனை ஆழமாக ஒரு மூச்சு இழுத்துவிடச் சொல்லுங்கள், பின்னால் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். இரண்டுக்கும் எழவில்லை என்றால் முதலில் ஒட்டுப்பட்டை, பிறகு கை குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் எழாதவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு மதிப்பெண் 0 என்று போடக் கூடாது, "அளக்க முடியவில்லை" என்று தனியாக எழுத வேண்டும். அடிநிலை சாதாரணமாக 2 முதல் 20 மைக்ரோசீமென்ஸ். அதற்குக் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பருவமும் இதில் கை வைக்கும். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) நாட்களில் சாயங்காலம் மழை பெய்து புழுங்கும்போது அடிநிலை மேலே போய், அதன் மேல் சின்ன எழுச்சிகள் தேய்ந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கை வறண்டு அடிநிலையே விழுந்துவிடும். மேளா நடக்கும் ஹாலில் ஃபேன் நேராகக் கையில் அடிக்காத மேஜையாகக் கேட்டு வாங்குங்கள்.

மூச்சு பெல்ட் வந்தபின் அதை மதிப்பெண்ணுக்கு வைக்காதீர்கள், வடிகட்ட மட்டும் வையுங்கள். ஒரு தேர்வுக்குப் பிறகு ஆழ்ந்த மூச்சு வந்திருந்தால் அந்தத் தேர்வை மறுபடி கேளுங்கள். ஏமாற்ற நினைப்பவர் செய்வதும் அதுதான்: சம்பந்தமில்லாத தேர்வில் மூச்சை இழுப்பார், நாக்கைக் கடிப்பார், கால் விரலை ஊன்றுவார். சரியான தேர்வு நடுவில் மறைந்துவிடும். அமெரிக்க உளவுத்துறைக்குள் இருந்துகொண்டு சோவியத்துக்கு வேலை பார்த்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986-இலும் 1991-இலும் பாலிகிராஃபைத் தாண்டிப் போனவர்.

சார்ட்டில் ஒட்ட அந்த 2003 அறிக்கையின் கணக்கு நல்லது: 10,000 ஊழியர்களில் 10 உளவாளிகள் என்று வைத்து, அதில் 8 பேரைப் பிடிக்கும்படி கருவியை அமைத்தால், கூடவே குற்றமற்றவர்கள் ஏறக்குறைய 1,600 பேர் மாட்டுகிறார்கள். உங்கள் வகுப்புக்கே போட்டுப் பாருங்கள். 40 பேர், எடுத்தது ஒருத்தர், கருவி பத்துக்கு ஒன்பது சரி என்று தாராளமாக வைத்தாலும் தப்பாக மாட்டுவது 4 பேர்.

கச்சேரி வளாகம்

சட்டப் பக்கம் சுருக்கமாக. செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம், அன்றைய தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான மூவர் அமர்வு, சம்மதமில்லாமல் பாலிகிராஃப், மருந்து கொடுத்துக் கேட்கும் நார்கோ, மூளை அலைச் சோதனை மூன்றும் செய்யக் கூடாது என்றது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியலமைப்பின் 20(3)-உம், உயிர், தனிமனித சுதந்திரம் பற்றிய 21-உம் அடிப்படை. சம்மதித்துச் செய்தாலும் முடிவு நேரடிச் சாட்சியம் ஆகாது. அதன் வழியாகப் பின்னால் கண்டெடுக்கப்படும் பொருள் மட்டும் ஏற்கப்படலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இலேயே சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன் பதிய வேண்டும் என்று வழிகாட்டி கொடுத்திருந்தது.

டீச்சர் கவனிக்க வேண்டியது, வகுப்பில் உண்மையிலேயே பணம் காணாமல் போனால் இந்தக் கருவி பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது. டீச்சர் கேட்டு ஒரு பிள்ளை "சரி" என்பது சம்மதம் இல்லை. மாடலில் உட்காரும் பிள்ளைகளுக்கும் வீட்டில் கையெழுத்து வாங்கி வையுங்கள், விருப்பமில்லை என்றால் பட்டையைக் கழற்றிவிட்டு எழுந்துபோகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்

கையெழுத்து வாங்கிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: சிவப்பு லெட்டை எடுத்துவிட்டால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். மேஜையில் ஏதாவது எரிய வேண்டும், பார்க்க வருபவர்கள் இரண்டு நிமிடம்தான் நிற்பார்கள்.

வாளையார் சால்டர்

சிவப்பு ஒன்றுக்குப் பதில் ஒரே நிறத்தில் ஐந்து லெட், ஒவ்வொன்றுக்கும் 330 ஓம், ஒவ்வொன்றின் கீழும் ஒரு தேர்வின் பெயர் எழுதிய அட்டை. ஒவ்வொரு தேர்வின் எழுச்சி அளவுக்கும் தக்கபடி அந்த லெட்டின் வெளிச்சம், பிடபிள்யூஎம் (வேகமாக எரித்து அணைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) வைத்தால் ஈஎஸ்பி32 தானே செய்யும். ஆறு தேர்வுக்கு 20 நொடி வீதம் ஒரு சுற்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் ஐந்தில் எது பளிச்சென்று இருக்கிறது என்று பார்க்க வந்தவரே சொல்லட்டும். சரியான அட்டையை அதற்கப்புறம் கவிழ்த்துக் காட்டுங்கள். மேலே "பொய்" என்று மட்டும் எங்கேயும் எழுதாதீர்கள், "தெரிந்தது எது?" என்று எழுதுங்கள்.